எஃப்.சி. கரண்ட்

பழைய கார் விற்பவர்கள் பேசும் தமிழுக்கு ஒரு தனி அழகு உண்டு. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, ஏ.சி. சில்லுனு இருக்கும், இன்சூரன்ஸ் கரண்ட், எஃப்.சி. கரண்ட்." வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த கார் கன்சல்டிங்கில் போய் நின்றாலும் இந்த வரிசை பெரிதாக மாறாது. ஊரில் சி.எம்.சி. இருப்பதால் அந்த டாக்டர் கதைக்கு மட்டும் இங்கே கொஞ்சம் நம்பகத்தன்மை கூடுதல்.

எனக்கு இந்த வரிசையில் கடைசியாக வரும் சொல்மேல்தான் ஆர்வம். கரண்ட். அதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: தேதி இன்னும் தாண்டவில்லை. தகுதிச் சான்றிதழ் என்று அரசு பெயர் வைத்திருக்கிறது. நாம் அதிலிருந்து தகுதியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டால் "எஃப்.சி. அடுத்த மார்ச் வரைக்கும் இருக்கு" என்று பதில் வருகிறது. கேட்டவரும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்கிறார்.

சட்டம் சொல்வது சுருக்கமாக இது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, வாடகைக்கோ தொழிலுக்கோ ஓடும் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம். சொந்த காருக்கு முதல் 15 வருடம் இந்தத் தொல்லையே கிடையாது. 15 முடிந்ததும் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அது ஐந்து வருடம் செல்லும். கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. அப்போது பேருந்தில், டீக்கடையில் எல்லாம் இந்த 5,000தான் பேச்சு. அந்த வண்டியில் என்னத்தைப் பார்ப்பார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என்ன பார்ப்பார்கள்? மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்கிறார்கள். பெயரிலேயே பிரேக் இருக்கிறது. மைதானத்தில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக் அடித்துப் பார்ப்பது, லைட், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், டயர், புகைச் சான்று, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள். கையெழுத்து. ஒரே காலைப்பொழுதில் வரிசையில் நிற்கும் அத்தனை வண்டிக்கும் ஒருவரே இதைச் செய்யவேண்டும், நடுவில் லைசென்ஸுக்கு எட்டு போடுபவர்களையும் பார்க்க வேண்டும்.

பழைய வண்டி கெடும் இடங்களோ பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெதுவாகக் குடிக்கும். டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 டிகிரி வரை இறங்கலாம். சமதளத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதே வண்டியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஒன்பதாவது, பத்தாவது வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகலாம். ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கும். ஆவி அழுத்தத்தைக் கடத்தாது. மைதானத்தில் பிடித்த பிரேக்கும் உண்மை, மலையில் பிடிக்காத பிரேக்கும் உண்மை.

டயரும் இப்படித்தான். 1.6 மில்லிமீட்டர் தடம் இருந்தால் போதும் என்பது விதி. எங்கள் பக்கம் மே மாத வெயில் 42, 43 என்று அடிக்கும். அதிகம் ஓடாமல் வெயிலிலேயே நின்ற 'டாக்டர் வண்டி'யின் டயரில் தடம் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் செத்துப் போயிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜினை முறைத்துப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து இந்த நான்கு இலக்கத்தைப் படிக்கலாம். இன்ஜின் மக்கர் பண்ணினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஓடுகிற வண்டியை நிறுத்த முடியாமல் செய்பவை வேறு: வெடிப்பு விட்ட பிரேக் ஹோஸ், லொடலொடக்கும் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், துரு தின்ற அடித்தளம்.

இதுவரை சொன்னது நேர்மையான சோதனையின் எல்லைகள். நேர்மையற்றதும் உண்டு, அது ஊரறிந்த ரகசியம். எஃப்.சி.க்கு முந்தின நாள் நல்ல டயரை மாட்டி, காட்டிவிட்டு, மறுநாள் கழற்றித் திருப்பிக் கொடுப்பது. துருவின்மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது. "எஃப்.சி. வேலை" என்றே இதற்குப் பெயர். வண்டி வேலை வேறு, எஃப்.சி. வேலை வேறு. இதில் லஞ்சம் வாங்குகிற அதிகாரி என்கிற கதாபாத்திரத்தைத் திட்டி முடித்துவிடுவது சுலபம். லஞ்சமே இல்லாத ஊரிலும் மிச்சமிருக்கும் ஒரு சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கொஞ்சம் பழைய கதை ஒன்று தேவை.

1877இல் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர், நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தொடக்கத்தில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. பலமுறை பழுதானது. பிழைப்புக்காக வேறு நாட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறது. முதலாளிக்கு மனதில் உறுத்தல்: ஒருமுறை முழுசாகப் பிரித்துப் பார்க்கலாமோ? செலவு நிறைய ஆகும். இத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல், இந்தத் தடவையும் வந்துவிடும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறார். மெல்ல மெல்ல அது உண்மையான நம்பிக்கையாகவே ஆகிவிடுகிறது. கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் மனதார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபோர்ட், ஏனென்றால் அப்படி நம்பும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. அடுத்து சொல்வது இன்னும் கடுமையானது: கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றத்தில் இம்மியும் குறையாது.

இது வெறும் கற்பனை உதாரணம் இல்லை. சாமுவேல் பிளிம்சால் என்ற பாராளுமன்ற உறுப்பினர், ஓட்டைக் கப்பல்களில் அளவுக்குமீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிடும் முதலாளிகளுக்கு எதிராக அந்த வருடங்களில்தான் போராடிக்கொண்டிருந்தார். சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அவற்றுக்குப் பெயர். அதற்கான சட்டம் 1876இல் வந்தது.

நான் கேட்க நினைப்பது இதுதான்: கிளிஃபோர்டின் கப்பல் முதலாளி கையில் ஒரு எஃப்.சி. இருந்திருந்தால்?

டயர் மாற்றிக் காட்டி வாங்கிய எஃப்.சி. என்றால் கேள்வியே இல்லை. அவருக்கே தெரியும். ஆனால் முறையாகக் காட்டி, முறையாகத் தேறி, தேதியும் கரண்ட்டில் இருக்கிற சான்றிதழ்? "எனக்கு என்ன தெரியும், தெரிந்தவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்று அவர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? எனக்கு நெடுநாள் இந்த வாதம் நியாயமாகவே தோன்றியது. நாம் எல்லோரும் அப்படித்தானே வாழ்கிறோம். லிஃப்டில் ஏறும்போது கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டா ஏறுகிறோம்?

ஆம்பூர்ச் சாலையில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம் தெரியும். ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேன்களும் பேருந்துகளும் வரிசையாக வரும். உள்ளே பெரும்பாலும் பெண்கள். சுற்றுப்பட்டு கிராமங்களில் விடியலுக்கு முன்பே எழுந்து சமைத்து, டிபன் பாக்ஸோடு ஏறியவர்கள். பல வண்டிகள் வேறெங்கோ ஓடி முடித்துக் கைமாறி வந்தவை. பள்ளி வேனாக இருந்தது, டூரிஸ்ட் வேனாக இருந்தது. அந்தப் பெண்களுக்கு அந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன வழி? டயரின் நான்கு இலக்கத்தையா படிப்பார்கள்? படித்து, இது வேண்டாம் என்று இறங்கினால் அன்றைய சம்பளம் போய்விடும். அவர்கள் கையில் இருப்பது அந்தச் சான்றிதழ் மட்டும்தான், அதுவும் அவர்கள் கண்ணில் படாத ஒரு ஃபைலில். ஆகவே அதை நம்பி ஏற அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

வண்டி முதலாளியின் நிலை அப்படியல்ல. அவரிடம் சான்றிதழைத் தவிர வேறு எத்தனையோ சாட்சிகள் இருக்கின்றன. டிரைவர் வந்து, "அண்ணா, பிரேக் கொஞ்சம் லேட்டா புடிக்குது, ஸ்டேரிங் இடது பக்கம் இழுக்குது" என்கிறார். போன மாதம் மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது. ஒரே காகிதம்தான். வேறு எதுவும் தெரிய வழியில்லாதவருக்கு அது வலுவான ஆதாரம். தினமும் வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அவரிடம் இருப்பவற்றிலேயே பலவீனமான ஆதாரம். அவரோ அதையே எடுத்து மற்றவற்றின் வாயை அடைக்கிறார்: "இப்பதானேடா எஃப்.சி. காமிச்சோம்? ஓடும், போ." ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலை பிரேக் பிடித்தது என்ற உண்மையை வைத்து, இன்று காலை பிரேக் பிடிக்கவில்லை என்ற உண்மையைத் தள்ளிவிடுகிறார்.

2012 ஜூலை 25. தாம்பரம் பக்கம் முடிச்சூரில் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். ஆத்திரத்தில் மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தப் பேருந்து அதே மாதம்தான் எஃப்.சி. பெற்றிருந்தது என்ற செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்த வருடமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இன்றைக்கும் பள்ளி திறப்பதற்கு முன்னால் மாவட்டந்தோறும் மைதானத்தில் பேருந்துகளை நிறுத்தித் தரைப்பலகை, அவசரக் கதவு, தீயணைப்பான் என்று பார்க்கிறார்கள் என்றால் அந்தக் குழந்தையின் சாவுதான் காரணம்.

அந்தச் செய்தியைப் படித்த எல்லோரும் கேட்டது: எஃப்.சி. கொடுத்தது யார்? நியாயமான கேள்வி. எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றும். பேருந்துத் தரையில் ஒரு குழந்தை விழும் அளவு ஓட்டை ஒரே இரவில் வராது. அந்தப் பேருந்தை ஓட்டியவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள், தினமும் ஏறி இறங்கியவர்கள், அதைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள், இவர்களில் யார் கண்ணுக்குமே அது படாமல் இருந்திருக்குமா? ஆய்வாளர் சில நிமிடம் பார்த்தார். மற்றவர்கள் தினமும் பார்த்தார்கள்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை என்பது எனக்கே ஆச்சரியம்தான். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரையும், ஓட்ட வைப்பவரையும், ஓட்ட விடுபவரையும் தண்டிக்கிறது. பழுது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கிளிஃபோர்டின் கட்டுரையை ஒரு வாக்கியமாகச் சுருக்கினால் கிட்டத்தட்ட இதுதான் வரும். அந்தப் பிரிவில் எஃப்.சி. என்ற பேச்சே இல்லை. 56ஆவது பிரிவும், கொடுத்த சான்றிதழை வண்டி தகுதி இழந்தால் இடையிலேயே ரத்து செய்யலாம் என்கிறது. ஆக, சான்றிதழ் ஒருநாள் உண்மை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துதான் வைத்திருந்தார்கள். அபராதம்தான் சிரிப்பை வரவழைக்கும்: 1,500 ரூபாய். விபத்தாகி ஒருவருக்குக் காயமோ சாவோ நேர்ந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய். பதிவு புதுப்பிக்கும் கட்டணமும் அதே 5,000.

இந்தத் தோல் பட்டறை மண்ணுக்கு இந்த வாதம் புதிதும் அல்ல. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அதன் மையமான கருத்துகளில் ஒன்று: ஒரு செயல் தீங்கில்லாதது என்று நிரூபிக்கும் சுமை அதைச் செய்பவர்மேல்தான் இருக்கிறது, கிணற்றில் உப்புநீர் குடிப்பவன்மேல் இல்லை. (தீர்ப்புக்குப் பின் பாலாறு என்ன ஆனது என்பது தனிக் கட்டுரைக்கான துக்கம்.) வேனுக்கும் இதையே பொருத்திப் பார்க்கிறேன். வண்டி பாதுகாப்பில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் பின்சீட்டில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பவர் இல்லை.

தோல் தொழிலிலேயே இன்னொரு வகைச் சோதனையும் இருக்கிறது. பதனிட்ட தோல்களை மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு வைத்த தடம் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தரம் பிரிப்பார்கள். செலக்‌ஷன் என்பார்கள். அந்தக் கைகளின் வேகத்தையும் பொறுமையையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எதுவும் சடங்குக்காக நடப்பதில்லை. தப்பான தோல் போனால் சரக்கு திரும்பி வரும், பணம் நிற்கும். பார்ப்பவரும் நஷ்டப்படுபவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். எஃப்.சி.யில் பார்ப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் ஒருவர், அடிபடுபவர் மூன்றாவது ஒருவர். ஒரு ஜோடி ஷூவின் மேல்தோலுக்குக் கிடைக்கும் கவனம் அதைத் தைக்கப் போகிறவர் ஏறும் வேனுக்குக் கிடைக்காததற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

முதலாளி தரப்பிலும் நியாயம் உண்டு, அதை ஒளிப்பதில் பிரயோஜனமில்லை. ஒற்றை வேனை லோன் போட்டு வாங்கி ஓட்டுபவர் கப்பல் முதலாளி இல்லை. கம்பெனி கொடுக்கும் மாத வாடகையில் டீசல், டியூ, டிரைவர் போக மிச்சம் குறைவு. நான்கு டயர் மாற்றினால் ஒரு மாதமே காலி. வண்டியை இரண்டு நாள் நிறுத்தினால் காண்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். பல சமயம் அவரே டிரைவர், அதே பிரேக்கை நம்பி அவரும்தான் முன்சீட்டில் உட்கார்கிறார். இவரைக் கிளிஃபோர்டின் கூண்டில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. வாடகையைக் குறைத்துப் பேசிவிட்டு "எஃப்.சி. ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க" என்று வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளும் கம்பெனி நிர்வாகத்தைத்தான் ஏற்றத் தோன்றுகிறது. அந்த வாடகையில் வண்டியை எப்படிப் பராமரிக்க முடியும் என்பது சாதாரண கவனத்தோடு கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் இயந்திரம்தான் தீர்வு என்கிறார்கள். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021இல் வந்தன. ரோலரில் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு பிரேக்கின் பிடியையும் தனித்தனியாக அளக்கும், ஹெட்லைட்டின் கோணத்தைப் பார்க்கும், முடிவு நேரே கணினிக்குப் போகும். நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ரோலர் யார் முகத்தையும் பார்க்காது. ஆனால் இரவல் டயர் ரோலரிலும் இரவல் டயர்தான். எண்கள் துல்லியமாக இருக்க இருக்க, "மெஷினே சொல்லிடுச்சுங்க" என்று காதை மூடிக்கொள்வதும் சுலபமாகும் என்பது என் பயம்.

எனக்குப் பிடித்தது வேறொரு யோசனை. பிரிட்டனில் 1960 முதல் பழைய கார்களுக்கு வருடாந்திரச் சோதனை இருக்கிறது. முதலில் பத்து வயதான வண்டிகளுக்கு என்று ஆரம்பித்து இப்போது மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே தேறிய வண்டிக்கும் ஒரு குறிப்புப் பட்டியல் எழுதித் தரலாம்: முன் இடது டயர் தேய்ந்து எல்லையை நெருங்குகிறது, பின்பக்க பிரேக் குழாயில் லேசான துரு. வண்டி தேறியது, ஆனால் இதையெல்லாம் பார்த்தோம், உங்களிடம் சொல்லிவிட்டோம். வண்டி எண்ணைப் போட்டால் பழைய முடிவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கார் வாங்கப் போகிற 25 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஜாதகம் கிடையாது. நம் எஃப்.சி. தேறினாய், தேறவில்லை என்று மட்டும் சொல்கிறது. தேறியவருக்கு அதற்குமேல் எதுவும் தெரியவேண்டியதில்லை.

அந்தப் பிள்ளையின் நிலைமைதான் இதில் விசித்திரம். கன்சல்டிங்கில் நிற்கும்வரை அவரும் வேனில் ஏறும் பெண்ணைப் போலத்தான், காகிதத்தை நம்புவதைத் தவிர அதிகம் வழியில்லை. சாவியை வாங்கி ஓட்ட ஆரம்பித்த முதல் வாரம், சர்வீஸ் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது கீழே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அன்றிலிருந்து அவர் கப்பல் முதலாளி. சாலையைக் கடக்கும் யாரோ ஒருவர் அவருடைய எஃப்.சி.யை நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார், பழைய வண்டிகளுக்கு மட்டும் வேலை பார்ப்பவர். அவரிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு உண்டு. வண்டி நம்பர், தேதி, செய்த வேலை, வாங்கிய பணம் என்று வரிசையாக இருக்கும். ஓரத்தில் சில இடங்களில் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. என்ன பாய் இது என்று கேட்டேன். "அது நம்ம சொல்லியும் செய்யாம எடுத்துனு போன வேலைங்க. பின்னாடி வந்து நீ சொல்லவே இல்லியேன்னு சொல்லுவாங்கபா." நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். ஒரு டி.என். 23 வேனுக்கு நேரே, முன்பக்கம் வலது பால் ஜாயின்ட் போகப்போகுது, சொன்னேன், எஃப்.சி. முடிஞ்சிதான் இருக்குன்னாரு, என்று எழுதி, அதன் கீழே வண்டிக்காரரிடமே ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார்.